அவர் பல்லும் என் பல்லும்

கல்யாணமாகி ஈப்போவுக்கு வந்த புதிதில், என் கணவர் வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரிப்பார். புது மாப்பிள்ளைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் தும்மல் வந்து வாயை மூட மறந்தபோதுதான் பார்த்தேன். மேல்வரிசையில் முன்பற்கள் எல்லாம் எரிந்து அணைந்த தீக்குச்சி முனைகளாகக் கறுத்துக் கிடந்தன. அவருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

கிந்தா ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக்கடையில் அவருக்குத் தண்ணி கலக்குகிற வேலை. எங்கள் மலாயாவில் தண்ணி என்றால் தேத்தண்ணியும் கோப்பியும்தான். முதலாளி எங்கள் ராமநாதபுரம் பக்கத்து ஆள். இடையில் சாப்பிட உட்கார்ந்தால் முகம் சுளிப்பார், ஆனால் தண்ணி குடிப்பதை மட்டும் தடுக்கமாட்டார். அதனால் விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடிந்து அடுப்பு மூட்டியதிலிருந்து கடை சாத்தும்வரை என் கணவர் கைப்பக்கத்தில் ஒரு கிளாஸ் இருந்துகொண்டே இருக்கும். சீனி கலந்த டின்பால், அந்த டின்னின் அடியில் தங்கியதைச் சுரண்டி அதில் போட்டு, கடுந்தேயிலையை ஊற்றி, ஒரு வாய் குடிப்பார். நாலு பேருக்குக் கலக்கிக் கொடுத்துவிட்டு இன்னொரு வாய். அதுதான் அவருக்குக் காலைச் சாப்பாடு, அதுதான் பகல் சாப்பாடு.

ரெண்டு கடை தள்ளி ஒரு சீனப் பல் வைத்தியர் இருந்தார். கேண்டனீஸ்காரர். சீனி போடாத கறுப்புக் கோப்பிதான் கேட்பார். கோப்பியை ஒரேயடியாகக் குடித்துவிட்டு, என் கணவர் கிளாஸைப் பார்த்து மலாயில் ஏதோ சொல்லிவிட்டுப் போவார்.

"என்னதான் சொல்றாரு மச்சான்?" என்று ஒருநாள் கேட்டேன். எங்கள் ஆட்களில் புருஷனை மச்சான் என்றுதான் கூப்பிடுவோம்.

"நான் குடிக்கிறது தப்பில்லையாம். நிறுத்தாம குடிக்கிறதுதான் தப்பாம். வாய்க்கு லீவே குடுக்கலயாம்லா." என் கணவர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "அவரு வாய்ல பாரு, பாதிப் பல்லு தங்கம். அவரு நமக்கு புத்தி சொல்றாரு."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. தன் பல்லையே காப்பாற்றிக்கொள்ளாத ஒருவர் அடுத்தவர் பல்லைப் பற்றிப் பேசுவதாவது!

என் பற்கள் அப்போது நன்றாக இருந்தன. கொட்டைப்பாக்கைக் கடித்து உடைப்பேன். பீடோருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் என்னைப் பெற்ற அத்தா மளிகைக்கடை வைத்திருந்தார். எங்கள் வீட்டில் சீனி என்பது விற்கிற சாமான், தின்கிற சாமான் அல்ல. காலையில் ஒரு தேத்தண்ணி. அதற்கப்புறம் தாகமெடுத்தால் கிணற்றுத் தண்ணீர். என் பல்லுக்கு அதுதான் காரணமென்று அன்று எனக்குத் தோன்றியதே இல்லை. அம்மா பல் எனக்கு வந்திருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். அம்மா நான் சிறுமியாக இருந்தபோதே மௌத்தாகிவிட்டார்கள். அவர்கள் பல் எப்படி இருந்ததென்று எனக்கு ஞாபகமும் இல்லை.

ஜப்பான்காரன் குண்டு போட்டபோது நாங்கள் கடைக்குப் பின்னால் கால்வாயில் படுத்திருந்தோம். அதன்பிறகு ஊரில் கிடங்குகளை உடைத்து ஆளுக்கொரு மூட்டையாகத் தூக்கிப் போனார்கள். கடையில் இருந்த டின்பால் கொஞ்ச நாளைக்கு ஓடியது. பிறகு சீனி நின்றது, தேயிலையும் நின்றது. மரவள்ளிக் கிழங்கைக் கருக வறுத்து இடித்துக் கோப்பி என்று ஊற்றிப் பார்த்தார் முதலாளி. குடித்தவர்கள் திரும்பி வரவில்லை. முதலாளி ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன்பிடிக்கிற சொந்தக்காரர்களிடம் போய்விட்டார். நாங்கள் காம்பார் வழியாக, பாதி தூரம் மாட்டுவண்டியும் பாதி தூரம் நடையுமாக, அத்தாவிடம் வந்து சேர்ந்தோம்.

தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டு நின்றுபோயிருந்தது. அத்தா கடையில் அலமாரிகள் காலியாக இருந்தன. அவர் மட்டும் தினமும் காலையில் கதவைத் திறந்து வெறும் அலமாரியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

இனிப்பு இல்லாமல் என் கணவர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. தலைவலி, எரிச்சல், கை நடுக்கம். ஈப்போவிலிருந்து கொண்டுவந்த கடைசி டின் காலியானபிறகும் அதை எறிய விடவில்லை. வெந்நீரை அதில் ஊற்றிக் குலுக்கிக் குடித்தார். மறுநாளும் ஊற்றினார். கடைசியில் தகரத்தின் துருவாடை மட்டும்தான் வந்தது. அதையும் குடித்தார்.

இனிப்பு நின்று கொஞ்ச காலத்தில் அவருக்குக் கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்தது. எனக்கு அதுதான் புரியவில்லை. சீனி தின்றால் பல் கெடும் என்றால், சீனியை விட்டதும் வலி ஏன் வரவேண்டும்? "ஒடம்புக்குப் பழகுனத திடீர்னு நிறுத்துனா இப்படித்தான்" என்றார் அத்தா. அவருக்கும் தெரியாது. ஏதாவது சொல்லவேண்டுமே என்று சொன்னார். கிராம்பு இருந்தால் வைத்திருக்கலாம். மளிகைக்கடையில் ஒரு கிராம்பு இல்லை.

சயாமுக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு அப்போதுதான் வந்தது. ரயில் பாதை போட என்றார்கள். முதலில் ஆசை வார்த்தை சொல்லிக் கூப்பிட்டார்கள். அப்புறம் லாரியோடு வந்தார்கள்.

லாரி எங்கள் தோட்டத்துக்கு வந்த அன்று என் கணவர் முகத்தின் இடப்பக்கம் பலாச்சுளையாக வீங்கியிருந்தது. கண் பாதி மூடிப்போயிருந்தது. தொழிலாளர் குடியிருந்த லயத்து ஆண்களையெல்லாம் ஆபீஸ் முன்னால் நிற்கவைத்தார்கள். கடைவீட்டு ஆண்களையும் விடவில்லை. அத்தாவை வயதைப் பார்த்து ஒதுக்கிவிட்டார்கள். என் கணவருக்குப் பக்கத்தில், எங்கள் கடைக்குப் பின்லயத்தில் இருந்த பால்வெட்டுக்கார அக்காவின் புருஷன் நின்றார். திடகாத்திரமான மனுஷன். கரும்பைக் கத்தி வைக்காமல் பல்லாலேயே உரிப்பார்.

சிப்பாய் ஒருவன் ஒவ்வொருத்தராகக் கையையும் தோளையும் அழுத்திப் பார்த்துக்கொண்டு வந்தான். என் கணவர் முன்னால் வந்ததும் தாடையைப் பிடித்துத் திருப்பினான். வலி தாளாமல் இவர் வாயைத் திறந்துவிட்டார். அந்த நாற்றம் எனக்குத் தெரியும். ராத்திரியெல்லாம் பக்கத்தில் படுத்திருந்தவள் நான். சிப்பாய் கையை வெடுக்கென்று இழுத்துக் கால்சட்டையில் துடைத்தான்.

"பியோகி?" என்று கணக்கு எழுதுகிற தோட்டத்துக் கிராணியைப் பார்த்துக் கேட்டான். நோய் என்று அர்த்தமாம்.

கிராணி ஒரு நொடி என் கணவர் முகத்தைப் பார்த்தார். "பியோகி, பியோகி" என்று வேகமாகத் தலையாட்டினார். ஒட்டுகிற நோய் என்று சிப்பாய் நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. காலால் இவரை வரிசையிலிருந்து தள்ளிவிட்டான். இவருக்குப் பதிலாக அடுத்து நின்ற அக்கா புருஷனைத் தோளில் தட்டி லாரியைக் காட்டினான்.

லாரி கிளம்பும்போது அந்த மனுஷன் அதன் மேலிருந்து கத்தினார். "அண்ணே, மூஞ்சிய பாத்துக்கங்க! வெந்நி வச்சு ஒத்தடம் குடுங்க!"

அன்று சாயங்காலமே வீக்கம் உடைந்தது. சீழும் ரத்தமுமாகத் துப்பிவிட்டு என் கணவர் குழந்தை மாதிரித் தூங்கினார். விடிந்ததும் அக்கா வந்து எங்கள் வாசலில் நின்றாள்.

"வத்திருச்சா தங்கச்சி?"

"வத்திருச்சுக்கா."

"ஒரு நா முந்தி வத்தியிருந்தா..." என்றவள் நிறுத்திக்கொண்டாள். உள்ளே தூங்குகிறவரை எட்டிப் பார்த்தாள். "நல்லதுலா. நல்லதுதான் தங்கச்சி."

அவள் மனதார வாழ்த்தினாளா, வயிறெரிந்து சொன்னாளா என்று எனக்கு விளங்கவில்லை. அவளுக்கே விளங்கியிருக்குமா என்றும் தெரியவில்லை. டின்பால் அவர் பல்லை அரித்தது. அரித்த பல் அவரைக் காப்பாற்றியது. நல்ல பல்லோடு நின்ற மனுஷன் போய்விட்டார். இதில் எதற்கு நன்றி சொல்வது, எதற்கு அழுவது? தொழுகையில் உட்கார்ந்தால் அல்லாஹ்விடம் துஆ கேட்க வாய் வராது.

எங்கள் கடைக்குப் பின்னால் ஒரு பிளிம்பிங் மரம் இருந்தது. விரல் நீளத்துக்குப் பச்சைக் காய்கள் அடிமரத்தை ஒட்டிக் கொத்துக்கொத்தாகத் தொங்கும். வாயில் வைத்தால் காதுவரை புளிக்கும். எல்லாமே இல்லாமல் போன அந்தக் காலத்தில் அந்த மரம் மட்டும் ஓயாமல் காய்த்தது. தினமும் அவித்த மரவள்ளி. தொண்டையில் அடைக்கும். வயிற்றுக் கடுப்புக்குப் பயந்து தண்ணீரைக் காய்ச்சித்தான் குடித்தோம். காய்ச்சிய தண்ணீரில் விறகுப் புகை நாறும். அதில் ரெண்டு பிளிம்பிங் காயை நசுக்கிப் போட்டால் புகைநாற்றம் போய்விடும், கிழங்கும் இறங்கும். வாய்ப்புண்ணும் வராது என்றார் அத்தா.

அதில் இன்னொரு சௌகரியத்தை நானாகக் கண்டுபிடித்தேன். ஒரு வாய் எடுத்து விழுங்காமல் கன்னத்தில் அடக்கிவைத்தால் எச்சில் ஊறும். பசி கொஞ்சம் அடங்கும். காலையிலிருந்து படுக்கும்வரை ஒரு சொம்பு நிறைய வைத்துக்கொண்டு அப்படியே ஓட்டினேன். நோன்பு மாதத்தில் கஞ்சி காய்ச்ச அரிசி இல்லை. பகலெல்லாம் உலர்ந்த வாயில், நோன்பு திறக்கையில் முதலில் விழுந்தது அந்தப் புளிப்புத் தண்ணிதான். என் கணவர் மட்டும் அதைத் தொடமாட்டார். ஓட்டைப் பல்லில் பட்டால் உயிர் போகும். புகைநாற்றத்தோடு வெந்நீரையே குடித்தார்.

"பாவம் நீங்க" என்பேன் நான்.

அடுத்த வருஷம் நான் உண்டானேன். மசக்கையில் கிழங்கு வாசம் வந்தாலே வாந்தி. பிளிம்பிங் தண்ணி ஒன்றுதான் உள்ளே தங்கியது. சொம்பு பெரிதானது.

ஒருநாள் கிணற்றுத் தண்ணீரில் வாய் கொப்பளித்தபோது முன்பற்களில் ஊசி குத்தியது மாதிரி இருந்தது. அப்புறம் காற்றுப் பட்டாலே கூசியது. கடையில் ஒரு ரசம் போன கண்ணாடி மாட்டியிருந்தது. வெளிச்சத்தில் போய்ப் பார்த்தேன். முன்பற்களின் ஓரம் மீன் செதிலைப் போல மெலிந்து, ஊடுருவித் தெரிந்தது. மேலே வெண்மை தேய்ந்து உள்ளேயிருந்து ஒரு மஞ்சள் வந்துகொண்டிருந்தது. ஓட்டை இல்லை. கறுப்பு இல்லை. பல் தேய்ந்துகொண்டே போனது, அவ்வளவுதான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சீனியைக் கண்ணால் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது. மிட்டாய் இல்லை, டின்பால் இல்லை. இப்போதா என் பல் போகவேண்டும்?

"வயித்துப் புள்ள ஒறிஞ்சுது தங்கச்சி. எலும்பு வேணும்லா அதுக்கு" என்றாள் அக்கா.

"மரவள்ளியில சத்து எங்க இருக்கு?" என்றார் அத்தா.

"ஒழுங்காத் தேய்க்கிறியா புள்ள?" என்றார் என் கணவர்.

தேய்க்காமல் என்ன! முன்பெல்லாம் ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர்கள் தந்த மிஸ்வாக் குச்சி வீட்டில் இருக்கும். அது தீர்ந்தபிறகு அடுப்புக்கரிதான். அவர் சொன்னபிறகு இன்னும் அழுத்தித் தேய்த்தேன். புளிப்புத் தண்ணி குடித்ததும் பல் ஒருமாதிரி சொரசொரப்பாக இருக்கும். உடனே கரியை எடுத்துத் தேய்த்தால் வழவழப்பாகிவிடும். சுத்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். அப்படி ஒரு நாளில் எத்தனை தடவை தேய்த்திருப்பேனோ.

அதே வீட்டில், அதே கிழங்கைத் தின்றுகொண்டு, என் கணவருக்கோ வலியே போய்விட்டது. கறுத்த ஓட்டைகள் அப்படியேதான் இருந்தன. ஆனால் கூச்சமில்லை, வீக்கமில்லை. அடுப்பில் சுட்ட கிழங்கின் கருகிய தோலைக்கூடக் கடித்துத் தின்றார். நான் அவித்த கிழங்கைப் பிசைந்து தின்றேன். பாக்கு உடைத்தவள் நான்.

மகள் பிறந்தாள். அக்காதான் பிரசவம் பார்த்தாள். தொப்புள்கொடியை அறுத்துவிட்டு, குழந்தையின் ஈறுகளை விரலால் தடவிப் பார்த்து, "இதுக்கு நல்லா வரும்" என்றாள். அக்கா புருஷனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவள் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

முதலாளி ஈப்போவுக்குத் திரும்பிவிட்டதாக யாரோ சொன்னார்கள். பிழைக்க வழியுண்டா என்று பார்த்துவர என் கணவர் கிளம்பினார். நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். கடை சாத்தியே கிடந்தது. பல் வைத்தியர் இருந்தார். இளைத்துப்போயிருந்தார். தங்கப் பற்களைக் காணவில்லை. பிடுங்கி விற்றுத் தின்றிருக்கிறார் என்பது அப்புறம்தான் உறைத்தது.

முதலில் என் கணவரை நாற்காலியில் உட்காரவைத்தார். கொக்கி போன்ற ஒரு கம்பியால் கறுத்த பல்லைத் தட்டினார். கல்லில் தட்டுவதுபோல டக்டக் என்று கேட்டது.

"யார்கிட்ட மருந்து போட்டே?" அவர் பேசியது மலாய். நான் எங்கள் பேச்சில் சொல்கிறேன்.

"யார்கிட்டயும் போகலயே."

அவர் திரும்பத் தட்டினார். "ஓட்டை இறுகிப்போச்சு. இனி பரவாது. சீனி இல்ல பாரு, அதான்." தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான் சொல்லி நீ கேக்கல. ஜப்பான்காரன் வந்து ஒன் பல்லை நிறுத்தியிருக்கான்."

என் கணவர் சிரித்தார். கையால் மூடாமல் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன். வைத்தியர் என் வாயைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"மினோம் அப்பா?" என்றார். என்ன குடிக்கிறாய் என்று கேட்கிறார்.

"பிளிம்பிங் தண்ணி."

"எவ்வளவு?"

"நாள் முழுக்க."

"வாய்ல வச்சு வச்சா?"

அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று திகைத்துப்போய்த் தலையாட்டினேன்.

"ஒங்க வீட்ல பிளிம்பிங்கை வேற எதுக்கு வச்சிருக்கீங்க?"

"பித்தளைச் செம்பு தேய்ப்போம். கத்தியில துரு பிடிச்சா அதப் போட்டு எடுப்போம்."

அவர் கம்பி முனையால் என் முன்பல்லைத் தொட்டுக் காட்டினார். துருவை எடுக்கிற புளிப்பு பல்லையும் எடுக்கும் என்பது அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

"வாந்தி எடுத்தியா?"

"மசக்கையில ரொம்ப."

"எதால தேய்க்கிறே?"

"கரி. புளிப்புக் குடிச்சதும் ஒடனே தேய்ச்சிருவேன்."

அவர் உச்சுக்கொட்டினார். புளிப்பில் பல்லின் மேல்தோல் இளகிப்போகுமாம். இளகியிருக்கும்போது கரியைப் போட்டுத் தேய்த்தால் அந்தத் தோல் வழித்துக்கொண்டு போய்விடுமாம்.

"அப்ப எதுதான் காரணம்? காயா, வாந்தியா, கரியா?"

"எல்லாம் சேர்ந்துதான்."

"இதுல எது அதிகம்?"

"தெரியாது." கையை விரித்தார். "ஆயர் கோசோங் குடி. வெறும் தண்ணி. புளிப்பு வேணும்னா சாப்பாட்டோட ஒரேயடியாக் குடிச்சு முடி. வாயைக் கொப்பளி. ஒடனே தேய்க்காத."

"அப்புறம் பசிக்கு?" என்று கேட்டேன்.

அவர் கம்பியைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

திரும்பி வரும்போது எனக்கு யார்மேலோ கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. வைத்தியர் சொன்னதை நம்புவதா? கடையே காலியான காலத்தில் எங்களுக்கு மிஞ்சிய ஒரே மரம் அது. அது எனக்குக் கெடுதல் செய்யுமா? நம்பாமல் விட்டால், அவர் சொன்னதெல்லாம் என் கணவர் பல்லில் நடந்திருக்கிறதே.

கரியை நிறுத்தினேன். துணியால் மெல்லத் துடைத்தேன். புளிப்பை மட்டும் அடியோடு விட முடியவில்லை. பப்பாளி இலைக் காம்பு குழலாக இருக்குமல்லவா, அதை வெட்டிச் சொம்பில் வைத்து, தண்ணி பல்லில் படாமல் தொண்டைக்குப் போகிற மாதிரி உறிஞ்சினேன். அத்தா பார்த்துவிட்டு, "இது என்னா கூத்து?" என்றார். பிறகு வெந்நீர் குடித்துக் கொப்பளிப்பேன். பசி வந்தால் படுத்துக்கொள்வேன். தேய்ந்த பல் திரும்ப வளரவில்லை. ஆனால் கூச்சம் அதற்குமேல் கூடவில்லை. குறைந்ததென்றுகூடச் சில நாள் தோன்றும். குறையவில்லை என்றும் தோன்றும்.

ஜப்பான்காரன் போனான். முதலாளி கடையைத் திறந்தார். நாங்கள் ஈப்போவுக்குத் திரும்பினோம். டின்பால் வந்த அன்று என் கணவர் அதைத் திறந்து முகர்ந்து பார்த்தார். தேத்தண்ணி கலக்கி முதல் கிளாஸை எனக்குத்தான் தந்தார். ஒரு வாய் வைத்தேன். சூடும் இனிப்பும் முன்பற்களில் ஏறி மூளைவரை கூசியது. அப்படியே வைத்துவிட்டேன். அவர் அதை வாங்கிக் குடித்தார்.

"வலிக்கல புள்ள!" என்றார். "பாத்தியா? கொஞ்சங்கூட வலிக்கல."

சீனிமேல் வீண்பழி போட்டுவிட்டோம் என்பதுபோல இருந்தது அவர் பேச்சு.

அக்காவும் அந்தச் சமயத்தில் ஈப்போவுக்கு வந்தாள். சயாமிலிருந்து மிஞ்சியவர்கள் ரயிலில் வந்து இறங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தினமும் ஸ்டேஷனில் போய் நின்றாள். சாயங்காலம் கடைப் பின்கட்டில் எங்களோடு வந்து தங்குவாள். என் கணவர் டின்பாலை நிறைய ஊற்றி அவளுக்குக் கலக்கித் தருவார். அவள் அதை ஒவ்வொரு வாயாக, விழுங்க மனமில்லாமல் வாயில் வைத்துக் குடிப்பாள். வாயில் வைத்திருக்காதே என்று சொல்ல எனக்கு வாய்வரை வரும். என்னவென்று சொல்வது? புருஷனைத் தேடி வந்தவளிடம் பல்லைப் பற்றியா பேசுவது? பக்கத்தில் ஒரு கிளாஸ் வெறும் தண்ணீரைக் கொண்டுபோய் வைப்பேன். அதையும் எடுத்துக் குடித்துக்கொள்வாள்.

அவள் புருஷன் வரவில்லை. கூடப் போன ஒருவர் வந்து சொன்னார், அங்கே காலராவில் போய்விட்டாரென்று. அக்கா தோட்டத்துக்குத் திரும்பிப் பால்வெட்டப் போனாள். பெருநாளுக்குப் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்போம். என் கணவர் மட்டும் அவள் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போகமாட்டார்.

வைத்தியர் இறுகிவிட்டது என்று சொன்ன ஓட்டைகள் சில வருஷத்தில் திரும்ப இளகின. கிளாஸ் அவர் கைப்பக்கத்துக்கு வந்துவிட்டதே. ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கடைசியில் பல் செட் வைத்துக்கொண்டார். அதை வைத்தபிறகு தாராளமாகச் சிரித்தார், தாராளமாகக் குடித்தார்.

மகள் விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் சண்டை வந்தது. அழுகிற பிள்ளைக்கு டின்பாலை வெந்நீரில் கரைத்துப் புட்டியில் ஊற்றி, வாயில் வைத்தபடியே தூங்கப்பண்ணுவார். நான் புட்டியைப் பிடுங்குவேன்.

"பாவம்லா. பொறந்ததுலேர்ந்து இனிப்பே தெரியாம வளந்த புள்ள" என்பார்.

"குடுங்க. குடிச்சு முடிக்கட்டும். அப்புறம் வெறுந்தண்ணி குடுங்க. வாய்ல வச்சுக்கிட்டுத் தூங்க வேணாம்."

"ஒனக்கு அந்தச் சீனன் பைத்தியம் பிடிச்சிருச்சு."

இருக்கலாம். பிள்ளை கொஞ்ச நாள் அழுதாள். பிறகு தண்ணீர்ப் புட்டிக்குப் பழகிக்கொண்டாள். அவளுக்குப் பல் நன்றாகவே வந்தது. என் கண்டிப்பினாலா, எங்கள் அம்மா வழியாலா என்று நான் சாதிக்கமாட்டேன்.

இப்போது நான் அவளோடுதான் இருக்கிறேன். என் பற்கள் பெரும்பாலும் இன்னும் வாயில்தான் இருக்கின்றன. குட்டையாக, மஞ்சளாக. போன வெயில் காலத்தில் மகள் எலுமிச்சை பிழிந்து ஐஸ் போட்டு ஒரு கிளாஸ் கொண்டுவந்து நீட்டினாள். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். சொல்ல ஆரம்பித்தேன். டின்பாலைச் சொன்னால் வீங்கின கன்னத்தைச் சொல்லவேண்டியிருந்தது. கன்னத்தைச் சொன்னால் லாரியைச் சொல்லவேண்டியிருந்தது. காயைச் சொன்னால் பசியை விட முடியவில்லை. வெயில் இறங்கும்வரை பேசியிருப்பேன்.

"அப்ப ஒங்க பல்லு எதனாலதாம்மா போச்சு?" என்று கடைசியில் கேட்டாள்.

"இனிப்போ புளிப்போ, வாய்லயே வச்சிருக்காத. குடிச்சு முடி, தண்ணி ஊத்திக் கொப்பளி. அது மட்டும் எனக்குத் தெரியும்" என்றேன். "மத்தது தெரியலம்மா."

அவள் எனக்கு நீட்டிய கிளாஸில் ஐஸ் கரைந்துபோயிருந்தது. அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, எனக்கு வெந்நீர் கொண்டுவர எழுந்து உள்ளே போனாள்.